சீயோன் மலையும் சீயோன் சங்கமும்

விழுப்புரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அன்பியக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், முதியவரான உபதேசியார் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "சாமி, திருப்பாடல்களில் சீயோன், சீயோன் என்று பாடுகிறோம். பேப்பரிலே சியோனிஸ்ட் என்று போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? காசாவுக்காக நாம் செபிக்கும்போது இஸ்ரயேலுக்கு எதிராகச் செபிப்பதாகுமா?" அங்கே நின்றிருந்த இளைஞர் இருவர் ஆளுக்கொரு பக்கம் பதில் சொன்னார்கள். ஒருவர், விவிலியத்தில் உள்ள இஸ்ரயேலே இன்றைய இஸ்ரயேல் என்றார். மற்றவர், அது வெள்ளையர் ஏற்படுத்திய நாடு என்றார். இரண்டுமே அரைகுறையான பதில்கள். நாமும் அன்று முழுப் பதில் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

சீயோன் என்பது முதலில் எருசலேமில் உள்ள ஒரு குன்றின் பெயர். பிறகு அது அந்நகருக்கும், அந்நகரை நெஞ்சில் சுமந்த மக்களுக்கும் பெயராயிற்று. பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்களின் திருப்பாடலிலும், இறைவாக்கினர் எசாயாவின் நூலிலும் நாம் சந்திப்பது இந்தச் சீயோனை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல்லைத் தன் பெயராக எடுத்துக்கொண்டு ஒரு சங்கம் தோன்றியது. அதுவே உலகச் சீயோனியச் சங்கம். அச்சங்கத்தின் முயற்சியால் 1948இல் உருவானது இஸ்ரயேல் என்னும் அரசு. மலை, மக்கள், சங்கம், அரசு ஆகிய நான்கும் தொடர்புடையவை. ஆயினும் நான்கும் ஒன்றல்ல. இவற்றை ஒன்றெனக் கொள்வதிலிருந்தே நம்மிடையே குழப்பங்கள் பலவும் எழுகின்றன.

சங்கத்தின் பிறப்பு

தியோடர் ஹெர்சல் வியன்னா நகரச் செய்தித்தாள் ஒன்றின் பாரிசு நிருபர். பிரெஞ்சுப் படையில் யூத அதிகாரியாக இருந்த டிரைபஸ், தாம் செய்யாத துரோகத்திற்காக 1894இல் தண்டிக்கப்பட்டதையும், 1895 சனவரியில் பலர் முன்னிலையில் அவருடைய படைச் சின்னங்கள் பறிக்கப்பட்டதையும் அறிந்து செய்தியாக்கியவர். ஐரோப்பாவில் யூதர் எவ்வளவுதான் பிறரோடு கலந்து வாழ்ந்தாலும் அந்நியராகவே கருதப்படுவர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1896இல் 'யூதர் நாடு' என்னும் சிறு நூலை வெளியிட்டார். மறு ஆண்டு மாநாடு ஒன்றை மியூனிக்கில் கூட்ட எண்ணினார். அவ்வூர் யூதத் தலைவர்களே அதை எதிர்த்தனர். எனவே 1897 ஆகஸ்டு 29 முதல் 31 வரை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாநாடு நடைபெற்றது. ஏறத்தாழ இருநூறு பேர் வந்திருந்தனர். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்குப் பொதுச் சட்டத்தின் பாதுகாப்புடைய ஓர் இல்லம் அமைப்பதே நோக்கம் என்று அங்கே தீர்மானித்தனர்.

இன்னும் ஐம்பது ஆண்டுகளில் தம் செயலின் பயனை எல்லாரும் அறிவர் என்ற பொருளில் ஹெர்சல் தம் நாட்குறிப்பில் எழுதினார். சரியாக ஐம்பது ஆண்டுகளில், 1947 நவம்பர் 29 அன்று, பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றியது. நாடில்லை, படையில்லை, ஒரே மொழிகூட இல்லை என்ற நிலையில் தொடங்கிய சங்கம் ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்தது எப்படி? அதன் நிருவாக அமைப்பைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும்.

நாலணாவும் செக்கேலும்

நம் நாட்டு விடுதலைக்கு உழைத்த காங்கிரசை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். காங்கிரசில் நாலணாச் சந்தா செலுத்தியவர் உறுப்பினர். மாநாடே உச்ச அதிகாரம் உடையது. மாநாடுகளுக்கு இடையில் அகில இந்தியக் குழு. அன்றாடப் பணிகளுக்குச் செயற்குழு. சீயோனியச் சங்கமும் இவ்வாறே அமைந்தது. சங்கத்தின் நோக்கத்தை ஏற்று, 'செக்கேல்' என்னும் சந்தாவைச் செலுத்தி, 18 வயது நிறைந்த எவரும் வாக்களிக்கலாம். செக்கேல் செலுத்தியோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பேராளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பேராளர் மாநாடு தலைவரையும், பொது மன்றத்தையும், செயற்குழுவையும் தேர்ந்தெடுத்தது. மாநாடு தொடக்கத்தில் ஆண்டுதோறும் கூடியது; பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிற்று. 1898இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலேயே பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். ஐரோப்பிய நாடுகளின் பாராளுமன்றத் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்க முடியாதிருந்த காலம் அது.

நம் பங்குகளில் உள்ள மரியாயின் சேனையிலும் பிரசீடியம், கூரியா என்று படிப்படியான அமைப்பு உண்டு. ஆனால் அங்கே பிரசீடியத்தின் பொறுப்பாளர்களை மேலமைப்பு நியமிக்கிறது. சீயோனியச் சங்கத்திலோ அதிகாரம் கீழிருந்து மேலே சென்றது.

செக்கேல் என்னும் பெயரும் பொருள் பொதிந்தது. மக்கள்தொகை கணக்கெடுக்கப்படும்போது ஒவ்வொருவரும் அரைச் செக்கேல் தரவேண்டும், செல்வர் கூட்டியும் ஏழை குறைத்தும் தரலாகாது என்று விடுதலைப் பயண நூலின் 30ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்பழைய காணிக்கையின் பெயரையே தேர்தல் சந்தாவுக்குச் சூட்டினர். ருசிய நாட்டுத் தையற்காரரும் இலண்டன் செல்வரும் ஒரே செக்கேலால் ஒரே வாக்கைப் பெற்றனர்.

பொருள் திரட்டவும் அமைப்புகள் எழுந்தன. 1899இல் யூதக் குடியேற்ற வங்கி ஒன்று இலண்டனில் பதிவாயிற்று. 1901இல் ஐந்தாம் மாநாடு யூதத் தேசிய நிதியை நிறுவியது. தவக்காலத்தில் நம் வீடுகளில் சேமிப்பு உண்டியல் வைப்பதுபோல், யூத வீடுகளில் நீலநிற உண்டியல் வைக்கப்பட்டது. அதில் விழுந்த காசுகளால் பாலஸ்தீனத்தில் நிலம் வாங்கினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது, குத்தகைக்கு மட்டுமே விடப்படும் என்பது விதி. நிலம் நிலையாக யூத மக்களின் உடைமையாய் இருக்க வேண்டும் என்ற அவ்விதியின் மறுபக்கத்தைப் பின்னர் காண்போம்.

சங்கத்துக்குள் ஒற்றுமையே நிலவியது என்று எண்ண வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேற இடம் தருவதாக 1903இல் பிரிட்டன் முன்வந்தது. உகாண்டாத் திட்டம் என்று அதைச் சொல்வர். உண்மையில் அவ்விடம் இன்றைய கென்யாவில் உள்ளது. அதை ஆராயக் குழு அனுப்பலாமா என்ற கேள்வி ஆறாம் மாநாட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 295 பேர் ஆதரித்தனர், 178 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களுள் கிஷினேவ் நகரப் பேராளரும் இருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில்தான் அந்நகரில் யூதர் படுகொலை செய்யப்பட்டிருந்தனர். உயிருக்கு அஞ்சி ஓட வேண்டிய அவர்களே, சீயோனைத் தவிர வேறிடம் வேண்டாம் என்றனர். 1905இல் ஏழாம் மாநாடு அத்திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 1904 சூலையில், 44 வயதில் ஹெர்சல் இறந்துவிட்டார். தலைமையகம் வியன்னாவிலிருந்து கொலோனுக்கும், பெர்லினுக்கும், முதல் உலகப் போருக்குப்பின் இலண்டனுக்கும், இறுதியில் எருசலேமுக்கும் சென்றது. தலைவர் மறைந்தபோதும், அலுவலகம் ஊர் மாறியபோதும் சங்கம் நிலைத்தது. ஒருவரை நம்பி நிற்காமல் ஒழுங்குமுறையை நம்பி நின்றதே காரணம். தலைவர் மாறியதும் பதிவேடுகூடக் காணாமற்போகும் நம் பங்குச் சங்கங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

பாப்பரசர் சொன்ன மறுப்பு

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1904 சனவரி 25 அன்று, ஹெர்சல் உரோமையில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதரைச் சந்தித்து ஆதரவு வேண்டினார். நம் குழந்தைகள் சிறுவயதிலேயே புதுநன்மை பெற வழிவகுத்த அதே புனிதர்தாம். யூதர் நம் ஆண்டவரை ஏற்காதவர்கள், ஆகவே அவர்களுடைய இம்முயற்சியைத் திருச்சபை ஏற்பதற்கில்லை என்ற பொருளில் பாப்பரசர் மறுமொழி தந்ததாக ஹெர்சலின் நாட்குறிப்பு கூறுகிறது. தூய வாழ்வு வாழ்ந்த ஒருவரும் தம் காலத்து இறையியலின் எல்லைக்குள்தான் சிந்தித்தார் என்பதை இதனால் அறிகிறோம். யூதர் தண்டனையாகவே சிதறி வாழ்கிறார்கள் என்று பல நூற்றாண்டுகளாகப் போதித்து வந்தவர்களுக்கு, அவர்கள் திரும்பி வருவது புரியாத புதிராகவே இருந்திருக்கும்.

அந்தப் போதனை எவ்வளவு கேடு விளைவித்தது என்பதை 1939 முதல் 1945 வரையான ஆண்டுகள் காட்டின. 1939 ஆகஸ்டில் ஜெனீவாவில் 21ஆம் மாநாடு முடிந்து பேராளர்கள் ஊர் திரும்பிய சில நாட்களில் போர் மூண்டது. அவர்களுள் பலர் அடுத்த மாநாட்டுக்கு வரவில்லை. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களுள் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றவர்கள். இதை மறந்து நாம் சீயோனியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாகாது.

இந்தியாவில் கேட்ட எதிரொலி

இந்தியாவுக்கும் இச்சங்கத்துக்கும் உள்ள தொடர்பு தொடக்க நாளிலேயே ஆரம்பிக்கிறது. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கு ஓட்டாமையால் 'சனிவாரத் தேலி' என்று அழைக்கப்பட்ட பெனே இஸ்ரயேல் மக்களுக்கு 1897 மாநாட்டுக்கான அழைப்பு வந்தது. மீட்பு கடவுளின் கையால் வரவேண்டியது என்று கூறி அவர்கள் செல்லவில்லை. 1920இல் பம்பாய்ச் சீயோனியச் சங்கம் அமைந்தது. 1921இல் தலைமையகத்தின் சார்பில் இஸ்ரயேல் கோகன் என்பவர் வந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிதி திரட்டினார்.

பிரிட்டிஷ் அமைச்சரவையில் பாலஸ்தீனத்தில் யூதர்க்குத் தேசிய இல்லம் என்ற பால்பர் அறிக்கையை வன்மையாக எதிர்த்தவர் ஒரு யூதர் என்பது வியப்பாயிருக்கலாம். அவரே இந்திய அமைச்சர் எட்வின் மாண்டேகு. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் நாம் அறிந்தவர். யூதர்க்கு வேறொரு நாடு உண்டு என்று சொன்னால், பிறந்த நாட்டிலேயே அவர்கள் அந்நியராக்கப்படுவர் என்று அவர் அஞ்சினார். 1917 நவம்பர் 2 அன்று அறிக்கை வெளியானபோது அவர் இந்தியப் பயணத்தில் இருந்தார். யூதரல்லாத மக்களின் குடியுரிமைக்கும் சமய உரிமைக்கும் ஊறு நேரலாகாது என்ற வாசகமும் அவ்வறிக்கையில் உண்டு. ஆனால் 1922ஆம் ஆண்டுக் கணக்குப்படி பாலஸ்தீன மக்களில் ஏறக்குறைய ஒன்பதில் எட்டுப் பேர் அந்த 'யூதரல்லாதார்'. அவர்களுக்குப் பெயர்கூட அறிக்கையில் தரப்படவில்லை.

காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க நண்பர் ஹெர்மன் காலன்பாக் ஒரு யூதர். அவர் வழியாகவும் பிறர் வழியாகவும் காந்தியடிகளின் ஆதரவைப் பெறச் சங்கம் முயன்றது. 1938 நவம்பர் 26ஆம் நாள் 'அரிசன்' இதழில் காந்தியடிகள் தம் கருத்தை வெளியிட்டார். கிறிஸ்தவ உலகில் யூதர் தீண்டத்தகாதவரைப்போல் நடத்தப்பட்டனர் என்று இரங்கினார். எனினும் அராபியர் மீது யூதரைத் திணிப்பது தவறு என்றார். செர்மனி யூதர்க்கு அவர் காட்டிய அறப்போர் வழி நாசிகளிடம் பயன்படுமா என்று யூத அறிஞர் மார்ட்டின் பூபர் மறுப்பு எழுதினார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. 1947இல் இந்தியா பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. 1950இல் இஸ்ரயேலை அங்கீகரித்தது. 1992இல் முழுத் தூதரக உறவு கொண்டது.

மலையாற்றூர்த் திருப்பயணம் செல்லும் நம் மக்கள் அருகிலுள்ள பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் யூதரின் பழைய தொழுகைக்கூடங்களைக் காணலாம். பல நூற்றாண்டுகள் துன்புறுத்தலின்றி வாழ்ந்த கொச்சி யூதர்களும் சீயோனுக்குப் புறப்பட்டார்கள். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் இஸ்ரயேல் அதிகாரிகள் அவர்களுக்கு அனுமதி தரத் தயங்கினர். தடை நீங்கியபின் 1953 முதல் 1955 வரை பெரும்பாலோர் சென்றார்கள். நேகேவ் பாலைநிலத்தில் நெவாத்திம் போன்ற கூட்டுறவு ஊர்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர்.

அப்பயணத்துக்காக உழைத்தவர்களுள் ஒருவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). சென்னையில் சட்டம் பயின்றவர், கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர், காங்கிரசுப் பற்றாளர், சீயோனியர். ஆயினும் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர் என்பதற்காக, மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக்கூடத்தில் அவர் இனத்தார்க்குச் சம உரிமை மறுக்கப்பட்டிருந்தது. சத்தியாகிரக முறையில் அவர் போராடினார். அவர் கொச்சியிலேயே வாழ்ந்து மறைந்தார்.

சீயோனை அடைந்தவர்களுக்கும் வேற்றுமை தீர்ந்துவிடவில்லை. பாகுபாடு காட்டப்படுகிறது என்று மறியல் செய்த பெனே இஸ்ரயேல் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் 1952இல் பம்பாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் பலர் மீண்டும் சென்றனர். அவர்களுடைய திருமணங்களைத் தலைமை இரபிகள் ஐயுற்றதால் 1960களில் மீண்டும் போராட்டம் எழுந்தது. 1964இல் பாராளுமன்றம் அவர்கள் பக்கம் தீர்மானம் செய்தபின்னரே அது தணிந்தது. இதைப் படித்து நாம் யூதரைக் குறைகூறலாகாது. ஒரே பலிபீடத்தில் நற்கருணை உட்கொண்டபின், கல்லறையிலும் தேர் செல்லும் தெருவிலும் சாதி பார்த்த வரலாறு நம் மாவட்டத்துப் பங்குகளுக்கும் உண்டு. ஒரு சங்கத்தின் விதிகளில் சமத்துவம் இருப்பது ஒன்று. அது அங்கத்தினரின் நெஞ்சில் இருப்பது வேறொன்று.

சாரமும் கட்டடமும்

1929இல் சங்கம் யூத முகவாண்மை என்னும் விரிந்த அமைப்பை ஏற்படுத்தியது. அதன் செயற்குழுத் தலைவர் பென்குரியன் 1948இல் பிரதமரானார். சங்கத்தின் தலைவராய் நீண்டகாலம் இருந்த வைஸ்மான் முதல் குடியரசுத் தலைவரானார். அரசு என்னும் கட்டடம் எழுந்தபின், சங்கம் என்னும் சாரம் தேவையில்லை என்பது பென்குரியனின் கருத்து. அதே 1948இல், காங்கிரசு தன்னைக் கலைத்துவிட்டு மக்கள் பணிச் சங்கமாக மாற வேண்டும் என்று காந்தியடிகள் எழுதி வைத்தார். காங்கிரசும் கலையவில்லை, சீயோனியச் சங்கமும் கலையவில்லை. 1952இல் இஸ்ரயேல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, குடியேற்றம், குடியமர்த்தல் ஆகிய பணிகளை அதனிடம் ஒப்படைத்தது. இப்போது மாநாடு சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எருசலேமில் கூடுகிறது. இஸ்ரயேலின் பேராளர் இடங்கள் பாராளுமன்றக் கட்சிகளின் வலிமைக்கேற்பப் பகிரப்படுகின்றன. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் தேர்தலாலோ உடன்பாட்டாலோ பேராளர் தெரிவாகின்றனர். 1967க்குப்பின் கைப்பற்றப்பட்ட பகுதிகளில் குடியிருப்புகள் அமைக்கும் பணியையும் சங்கத்தின் ஒரு பிரிவு அரசுப் பணத்தைக் கொண்டு செய்துவருகிறது.

இங்கேதான் அந்த மறுபக்கம் வருகிறது. செக்கேல் செலுத்தியவர்க்கெல்லாம் வாக்கு இருந்தது. ஆனால் அந்த மண்ணில் ஏற்கெனவே உழுது வாழ்ந்தவர்க்கு அம்மன்றத்தில் வாக்கு இல்லை, குரலும் இல்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனியர் 1948இல் அகதிகளாயினர். அவர்களுள் நம் சகோதரரும் உண்டு. கலிலேயாவில் இக்ரித் என்னும் கத்தோலிக்கச் சிற்றூரின் மக்களை, விரைவில் திரும்பலாம் என்று சொல்லி 1948 நவம்பரில் படையினர் வெளியேற்றினர். அவர்கள் திரும்பலாம் என்று 1951 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது படையினர் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். கோவில் மட்டும் எஞ்சியது. இன்றும் அவ்வூரார் இறந்தோரை அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்கின்றனர். உயிரோடு குடியேற அனுமதியில்லை.

சீயோனியம் இனவெறியே என்று 1975இல் ஐக்கிய நாடுகள் அவை தீர்மானித்தபோது இந்தியா ஆதரித்தது. 1991இல் அத்தீர்மானத்தை அவை நீக்கியபோதும் இந்தியா ஆதரித்தது. ஓர் இயக்கத்தை ஒற்றைச் சொல்லால் தீர்ப்பிட்டு முடித்துவிட இயலாது என்பதற்கு இதுவே சான்று.

திருச்சபை கற்றுக்கொண்ட பாடம்

திருச்சபையும் நெடுந்தூரம் நடந்து வந்துள்ளது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பற்றியிருந்த கடுஞ்சொல்லை 1959இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் நீக்கினார். ஆண்டவரின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. 1986இல் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். 1993 டிசம்பர் 30 அன்று வத்திக்கானும் இஸ்ரயேலும் உடன்படிக்கை செய்துகொண்டன. 2014 மே 25 அன்று பெத்லகேமில் பிரிவினைச் சுவரில் தலை சாய்த்துச் செபித்த பாப்பரசர் பிரான்சிஸ், மறுநாள் எருசலேமில் ஹெர்சலின் கல்லறையில் மலர் வளையம் வைத்தார். 1904இல் மறுப்புப் பெற்றவருக்கு 110 ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த மரியாதை அது. அடுத்த ஆண்டே வத்திக்கான் பாலஸ்தீன நாட்டோடும் உடன்படிக்கை செய்தது. சுவரையும் கல்லறையையும் அடுத்தடுத்த நாட்களில் சந்தித்தவர் ஒருபக்கம் சாய்ந்தார் என்று யார் சொல்ல முடியும்?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் இஸ்ரயேலில் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த போரில் காசாவில் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அங்குள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்தை, 2025 ஏப்ரலில் தாம் இறக்கும் வரை, பாப்பரசர் பிரான்சிஸ் மாலைதோறும் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தார். அவ்வாலயமும் 2025 சூலையில் குண்டடிபட்டு மூவர் உயிரிழந்தனர்.

உபதேசியாருக்கு இனி நம் விடை இது. நாம் பாடும் சீயோன், கடவுள் தம் மக்களோடு வாழும் இடம். அதற்குத் தேர்தலும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. யூத மக்கள் நம் விசுவாசத்தின் மூத்த உடன்பிறப்புகள். அவர்களை வெறுப்பது பாவம். சீயோனியச் சங்கம், துரத்தப்பட்ட மக்கள் தம் காசைச் சேர்த்து உருவாக்கிய மனித அமைப்பு. இஸ்ரயேல், பிற அரசுகளைப்போல் ஓர் அரசு. சங்கத்தின் உழைப்பைப் பாராட்டலாம். அதன் குறையைச் சுட்டலாம். அரசு நீதி தவறும்போது கண்டிக்கலாம். இதனால் விவிலியத்துக்கு எவ்வித ஊறும் நேராது. காசாவுக்காகச் செபிப்பவர் இஸ்ரயேலுக்கு எதிராகச் செபிப்பதில்லை.

ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் கோவில்களில் எடுக்கும் காணிக்கை திருநாட்டுக் கிறிஸ்தவர்க்குச் செல்கிறது. நெல் அறுத்த கூலியிலிருந்து பத்து ரூபாயை மடித்துப் போடும் தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். தூர நாட்டு மண்ணுக்காக ஏழை தரும் அந்தக் காசும் ஒரு செக்கேல்தான். ஆனால் அதற்கு ஈடாக நமக்கு அங்கே நிலமும் வேண்டாம், வாக்கும் வேண்டாம். அங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளும் தம் வீட்டிலேயே அச்சமின்றி உறங்கினால் போதும்.